கோடை முகாமும் குதிரையின் வயிறும்

ஏப்ரல் பிறந்தால் மதுரையைச் சுற்றியுள்ள குதிரைப் பண்ணைகளில் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். பரீட்சை முடிந்த பிள்ளைகளை ஒரு மாதச் சவாரிப் பயிற்சியில் சேர்க்கப் பெற்றோர் கேட்பார்கள். குடும்பமாகப் பண்ணை நடத்துபவர்களுக்கு நல்ல வருமானம் வரும் மாதங்கள் இவை. குதிரைக்கோ ஆண்டிலேயே மிகக் கடினமான மாதங்களும் இவையே. வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிற நாட்களில், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேலையும் முறை தவறிய தீனியும் சேர்ந்தால் குதிரை படுத்துவிடும். கால்நடை மருத்துவராக உங்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுதான். பயிற்சி எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கு என்பதைக் குதிரையின் வயிற்றையும் வியர்வையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

‘பாண்டி நாட்டு வெக்கைக்குக் குதிரை தாங்காது’ என்று சொல்பவர்கள் உண்டு. பழைய வரலாறும் முதல் பார்வைக்கு அப்படித்தான் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரச சகோதரர்கள் ஆளுக்கு ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் கொடுக்கப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் குறிப்பிடுகிறார். கடல்வழியில் செத்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே பணம் கொடுத்ததாம். இத்தனை பொன்னும் ஏன் மண்ணோடு போனது? தட்பவெப்பத்தோடு வேறு இரண்டு காரணங்களையும் போலோ சொல்கிறார். குதிரைக்கு வேகவைத்த இறைச்சியும் சோறும் கொடுத்தார்கள். குளம்பு பார்க்கவும் நோய் பார்க்கவும் தெரிந்த ஆள் இங்கு இல்லை. வணிகர்களும் அப்படிப்பட்டவர்களை இங்கு வரவிடவில்லை. தட்பவெப்பத்தை நாம் மாற்ற முடியாது. தீனியும் பராமரிப்பும் நம் கையில் இருக்கின்றன. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் லாயங்களில் நான் பார்க்கும் நோய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

முதலில் வயிறு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாட்டைப் போல அசைபோடவும் அதற்குத் தெரியாது, தின்றது ஒவ்வாவிட்டால் வாந்தி எடுக்கவும் முடியாது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. புல்லின் நார் பின்குடலில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கிறது. திடீரென்று ஒரு வாளி மாவுச்சத்து உள்ளே போனால் இந்த நுண்ணுயிர்கள் நிலைகுலையும். வாயு கட்டும், குடல் உப்பும், சில வேளை முறுக்கிக்கொள்ளும். இப்படி வரும் வயிற்றுவலியைத்தான் கோலிக் (குதிரைக் குடல்வலி) என்கிறோம். சில குதிரைகளுக்கு வயிறு தப்பிக் குளம்பு மாட்டிக்கொள்ளும். அது லாமினைடிஸ் (குளம்பின் உள்திசு அழற்சி). அதில் சிக்கிய குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் ஏற்றி, சுடுமணலில் நிற்பதுபோல் நிற்கும்.

அன்பினால் விளையும் கேட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டும் சர்க்கரைப் பொங்கலைக் குதிரைக்கும் ஊட்டுகிறார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வெல்லமும் கரும்பும் பிஸ்கட்டும் கொண்டு வருகிறார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு வண்டியில் வந்து இறங்குகிறது. சோறு, கஞ்சி, இட்லி மாவு, பொங்கல் எதுவும் குதிரைக்கு உணவல்ல என்று லாயத்து வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆசைக்கு ஒரு துண்டு கேரட் போதும். அதையும் பண்ணைக்காரர் முன்னால்தான் கொடுக்க வேண்டும்.

சரியான தீனி எளிமையானது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் தினமும் தேவை. 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல். பச்சைப் புல்லானால் அதில் தண்ணீர் அதிகம் என்பதால் அதுபோல் நான்கைந்து மடங்கு வேண்டும். கொள்ளு நம்மூர்க் குதிரைகளின் பழைய தீனிதான். ஊறவைத்து வேகவைத்து, ஓட்ஸோடு சேர்த்து அளவாகக் கொடுக்கலாம். வேளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தானியம் வேண்டாம். எதை மாற்றினாலும் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

நம் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் ஆபத்து பச்சைப் புல்லிலேயே இருக்கிறது. கறவை மாட்டுக்காகப் பலரும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருக்கிறார்கள். அதையே குதிரைக்கும் அறுத்துப் போடுகிறார்கள். இந்தப் புல்லில் ஆக்சலேட் (சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்ளும் உப்பு) மிகுதி. மாட்டின் வயிறு அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அது முடியாது. உண்ணும் கால்சியம் உடம்பில் சேராமல் போகும். கூடவே அரிசித் தவிடும் கோதுமைத் தவிடும் நிறையக் கொடுத்தால் பாஸ்பரஸ் ஏறி, நிலைமை இன்னும் மோசமாகும். உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல் வரும். இன்று முன்கால், நாளை பின்கால். பிறகு மெல்லத் திணறும். கடைசியில் முகத்தின் இருபுறமும் கண்ணுக்குக் கீழே எலும்பு வீங்கும். பழைய மாவு ஆலைகளில் தவிடு தின்று வளர்ந்த குதிரைகளுக்கு இந்த நோய் வந்ததால் ‘தவிட்டு நோய்’ என்றும் அதற்குப் பெயர். நேப்பியர் புல்லை முழுத் தீனியாக ஆக்காதீர்கள். கொழுக்கட்டைப் புல், அருகம்புல், குதிரைமசால் ஆகியவற்றைக் கலந்து கொடுங்கள். தவிட்டைக் குறையுங்கள். கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இளஞ்சோளப் பயிரைக் குதிரைக்குக் காட்டவே வேண்டாம்.

தீனியைத் தரையில் கொட்டும் பழக்கமும் கேடுதான். செம்மண்ணும் மணலும் புல்லோடு உள்ளே போய்க் குடலின் அடியில் படியும். ஐந்தாறு சாண உருண்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் தொங்கவிடுங்கள். அரைமணி நேரத்தில் அடியில் மணல் விரலளவு படிந்தால் வயிற்றுக்குள் மண் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தொட்டியிலோ ரப்பர் விரிப்பின் மேலோ தீனி போட்டால் பெரும்பாலும் இது தீர்ந்துவிடும்.

வயிற்றுவலி வந்த குதிரை வாய்விட்டுச் சொல்லாது, உடம்பால் சொல்லும். தீனியை விட்டு விலகி நிற்கும். திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும். முன்காலால் தரையைப் பறிக்கும். மேலுதட்டைச் சுருட்டும். படுத்து எழும், உருளும். சாணம் குறையும் அல்லது நிற்கும். வழக்கமாக வியர்க்காத நேரத்தில் கழுத்தும் விலாவும் நனைந்திருக்கும். இவற்றில் இரண்டைப் பார்த்தால் உடனே நாடி பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை வைத்தால் கயிறுபோல் ஒரு நாளம் தட்டுப்படும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினால் அவசரம். ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு காய்ந்தோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் தாமதிக்கக் கூடாது.

பதறாமல் இதைச் செய்யுங்கள். தீனியை எடுத்துவிடுங்கள். கல்லும் கம்பியும் இல்லாத திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கிடைக்கவில்லையென்றால் 1962-ஐ அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள். நாடி, மூச்சு, கடைசியாகச் சாணம் போட்ட நேரம், கடைசியாகத் தின்றது ஆகிய நான்கையும் எழுதி வைத்துச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. குதிரை உருள முயன்றால் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலாம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். விடிய விடிய நடத்தி அதன் தெம்பைக் கரைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை இன்னும் முக்கியம். மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயும் பெருங்காயக் கஷாயமும் ஊற்றுவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. வலியில் துடிக்கும் குதிரை அதைச் சரியாக விழுங்காது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா (நுரையீரல் அழற்சி) வரும். வயிற்றுவலியில் பிழைத்து எண்ணெயில் சாகும் குதிரைகள் உண்டு. மருத்துவர் கொடுக்கும் எண்ணெயும் தண்ணீரும் மூக்கு வழியாக இரைப்பை வரை செலுத்திய குழாயில் போகின்றன. அந்தக் குழாய் வழியே இரைப்பையில் தேங்கிய வாயுவும் நீரும் வெளியேறவும் செய்யும். வயிற்றில் சூடு போடுவதால் வலிமேல் வலி சேரும், வேறெதுவும் நடக்காது. கடையில் வாங்கிய வலி ஊசியை நீங்களே போட்டால் அறிகுறி மறையும், குடல் முறுக்கு உள்ளே வளரும். அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நேரம் கைதவறிப் போகும்.

அடுத்தது வெயில். குதிரை நம்மைப் போலவே வியர்த்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. கடும் உழைப்பில் மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் வியர்க்கும். அந்த வியர்வையில் உப்பு நம் வியர்வையைவிட மிக அதிகம். உப்பு ஈடு செய்யப்படாவிட்டால் தாகமே எடுக்காது. தண்ணீர் எதிரே இருந்தும் குடிக்காமல் நிற்கும். தினமும் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு, வியர்க்க வேலை செய்த நாளில் அதைவிடக் கூடுதலாக. தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர். சித்திரை, வைகாசியில் வேலை செய்யும் குதிரை இரு மடங்கும் குடிக்கும். தொட்டி நிழலில் இருக்கட்டும். வெயிலில் கொதிக்கும் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரைக் குதிரை விரும்பாது.

மார்ச் முதல் ஜூன் வரை சவாரி காலை எட்டு மணிக்குள் முடியட்டும். மாலையில் ஐந்தரைக்கு முன் தொடங்க வேண்டாம். பெற்றோர் பத்து மணிக்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் லாயத்து நிழலில் தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, சேணம் பூட்டுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு குதிரைக்கு ஒரு நாளில் இரண்டு பயிற்சிக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

குதிரையின் இயல்பான வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி. சவாரி முடிந்து அரைமணி கழித்தும் மூச்சு இரைத்துக்கொண்டே இருந்தால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 40 டிகிரிக்கு மேல் என்றால் வெப்பத்தாக்கு. சேணத்தைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, கழுத்து, மார்பு, முதுகு, பிட்டம் என உடல் முழுவதும் நிறுத்தாமல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். மின்விசிறி இருந்தால் போடுங்கள். ‘சூடான குதிரை மேல் பச்சைத்தண்ணீர் பட்டால் சன்னி வரும், நரம்பு இழுத்துக்கொள்ளும்’ என்ற பயம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை. அந்தப் பயத்தால் ஊற்றாமல் விட்ட தண்ணீரால்தான் குதிரைகள் சாகின்றன. ஈரச்சாக்கைப் போர்த்தி விட்டுவிடுவதும் சரியல்ல. அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

சில குதிரைகள் வியர்ப்பதையே நிறுத்திவிடும். அன்ஹைட்ரோசிஸ் (வியர்வை வற்றும் நோய்) என்ற இந்தக் கோளாறு, பிரிட்டிஷ் ஆட்சியில் குளிர்நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளிடம் கவனிக்கப்பட்டது. பந்தயத்திடல்களிலிருந்து ஓய்வு பெற்று வரும் தரோபிரெட் குதிரைகளை மதுரைச் சமவெளியில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். மற்றவை நனைந்திருக்கும்போது ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு நாய்போல இரைத்தால் அதை அன்றே வேலையிலிருந்து விலக்குங்கள். உறுதியான மருந்து இதற்கு இல்லை. நிழல், விசிறி, தண்ணீர், உப்பு. அதற்கும் அடங்காவிட்டால் மலைப்பகுதிக்கு மாற்றுவதுதான் வழி.

ஏறுகிறவரின் எடையும் குதிரையின் நலத்தில் அடங்கும். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக் கூடாது. 400 கிலோ மார்வாரி இனக் குதிரைக்கு 80 கிலோ. சேணம் போக ஆள் 70 கிலோ. 250 கிலோ மட்டக்குதிரைக்குப் பிள்ளைகள் மட்டுமே, அதுவும் 40 கிலோவுக்குள். கோடை வெயிலில் இதையும் குறைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்குச் சவாரித் தலைக்கவசம் கட்டாயம். கனமான பைக் ஹெல்மெட் கழுத்தை இழுக்கும், இதற்கு ஆகாது. செருப்போடு ஏற்றவே கூடாது. செருப்புக்கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து சிக்கினால், விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் வைத்த மூடிய ஷூ வேண்டும்.

முன்னாள் படைவீரர்களுக்குப் பயிற்சி தர விரும்பும் பண்ணைகளை மனதார வரவேற்கிறேன். மதுரை, இராமநாதபுரம், தேனி மாவட்டங்களில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் குறைவு. திரும்பி வந்தவர்களில் தூக்கமின்மை, திடுக்கிடல், ஒதுங்கியிருத்தல் என்று அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குதிரையின் துணை உதவும் என்பதற்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 63 முன்னாள் வீரர்கள் வாரம் ஒருமுறை 90 நிமிடம் வீதம் எட்டு வாரங்கள் குதிரைகளோடு பழகினார்கள். பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு அது. ஆகவே முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அதில் ஒருவர்கூடக் குதிரைமேல் ஏறவில்லை. தரையில் நின்று தேய்த்து, கயிறு பிடித்து நடத்தியதோடு சரி. முதுகுவலியும் முழங்கால் தேய்மானமும் உள்ள ஐம்பது வயதுக்காரரை முதல் நாளே சேணத்தில் ஏற்றிவிடும் ஆர்வம் நமக்கு வேண்டாம். ஏற விரும்பினால் அவருடைய மருத்துவரின் ஒப்புதல் வாங்கிவிட்டு ஏற்றுங்கள். உடற்குறை தடையல்ல. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் வீராங்கனை லிஸ் ஹார்ட்டல், பிறர் தூக்கி ஏற்றிவிட, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

பண்ணைக்காரர் மனநல மருத்துவர் அல்லர். ‘குதிரை குணப்படுத்தும்’ என்று விளம்பரம் செய்யாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். தேவைப்படுகிறவர்களுக்கு மதுரை இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் சொல்லுங்கள். திருவிழா வேட்டும் பறையும் அதிரும் நாட்களில் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். வேட்டுச் சத்தம் குதிரையையும் மிரட்டும், போர்முனை பார்த்தவரையும் உலுக்கும். இதே காரணத்தால், பிள்ளைகள் ஏறும் குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடாதீர்கள்.

படைவீரர்களைப் பயனாளிகளாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பதும் என் கருத்து. இந்திய ராணுவத்தின் ரிமவுண்ட் வெட்டினரி கோர் (படைக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் நாய்களையும் பராமரிக்கும் பிரிவு) 1779 முதல் இயங்குகிறது. அதில் லாடம் அடிக்கவும் குதிரை பழக்கவும் கற்றுப் பணி முடித்துத் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவவும் லாடம் மாற்றவும் கைதேர்ந்தவர் வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரைக் கொண்டு ஒப்பேற்றினால் நொண்டல் நிச்சயம். மார்க்கோ போலோ இங்கு காணாத அந்த ஆள், இன்று மாதச் சம்பளத்துக்கு வேலை தேடும் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாராக இருக்கலாம்.

புதுக் குதிரை வாங்க அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் பலர் போகிறீர்கள். பல மாநிலக் குதிரைகள் கூடும் இடம் என்பதால் கவனம் தேவை. கிளாண்டர்ஸ் (மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளும் வரும் பாக்டீரியா நோய்) மனிதருக்கும் தொற்றும். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் குதிரையைக் கொன்று புதைப்பதைத் தவிர வழியில்லை. ரத்தப் பரிசோதனைச் சான்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வந்த குதிரையை மூன்று வாரம் தனி லாயத்தில், தனி வாளி, தனி தேய்ப்பானோடு வையுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகளை அந்த வாரங்களிலேயே தொடங்கிவிடலாம். பிறகு பெரியவர்கள் ஏறிப் பழக்கட்டும். ஆடியில் வாங்கியது மாசிக்குள் உங்கள் தண்ணீருக்கும் புல்லுக்கும் பழகிவிடும். ஏப்ரல் முகாமில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பங்குனி வெயிலில் அது எப்படி வியர்க்கிறது என்று பார்த்த பின் முடிவு செய்யுங்கள்.